சைக்கிளில் வேலைக்குப் போனால் முட்டி தேயுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் கிராமம். கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து 9 கி.மீ. மக்களைத் தேடி மருத்துவத்தில் பார்த்தபோது சர்க்கரை இருப்பது தெரிந்தது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) 7.9, பிரஷர் 142/90, எடை 81 கிலோ. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின் மட்டும். டூவீலரை விட்டுவிட்டு சைக்கிளில் போகலாம் என்று பழைய 22 இஞ்ச் வண்டி ஒன்று வாங்கினேன். முன் பிரேக் இல்லை. பின் பிரேக் போதும் என்றார் கடைக்காரர். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முட்டி தேய்ந்துவிடும் (ஏற்கெனவே மாடிப்படி ஏறினால் வலிக்கிறது), லாரி அடித்துவிடும், புகை நுரையீரலைக் கெடுக்கும், ஆண்மை குறையும் என்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பு மகளுக்கு அரசு சைக்கிள் வந்திருக்கிறது. வயசுக்கு வந்த பெண் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று என் அம்மா தடுக்கிறார். ஒன்றாம் வகுப்பு மகனைப் போகும் வழியில் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளியில் விடலாம் என்று நினைக்கிறேன். அலுவலகம் முடிய மாலை ஆறரை ஆகும். தொடங்கலாமா? ஓட்ட ஆரம்பித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்:

தொடங்கலாம். ஆனால் இந்தத் திங்கட்கிழமையே வேண்டாம்.

உங்கள் வீட்டில் சொல்லும் பயங்களில் பெரும்பாலானவை இடம் மாறி விழுந்திருக்கின்றன. முட்டி, ஆண்மை, மகளின் உடம்பு ஆகிய மூன்றையும் பற்றி இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டிய நான்கு விஷயங்களைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: முன் பிரேக் இல்லாத வண்டி, கிளிமிபிரைடு, மாலை ஆறரை மணி, கேரியரில் மகன்.

முட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் சைக்கிளை விட்டவர்களில் பாதிப்பேர் சொல்லும் காரணம் அதுதான். நடக்கும்போது உடல் எடை ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்குகிறது. சைக்கிளில் எடையின் பெரும்பகுதியை சீட்டும் ஹேண்டில் பாரும் வாங்கிக்கொள்கின்றன. முட்டி மடங்கி நீள்வதோடு சரி. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மடங்கி நீளும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வருவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு நாங்களே சைக்கிளைப் பயிற்சியாகச் சொல்கிறோம் என்றால் காரணம் இதுதான்.

அப்படியானால் சைக்கிள் ஓட்டி முட்டி வலித்தவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களுடைய சீட்டைப் பாருங்கள். நம் ஊரில் பத்தில் எட்டு வண்டிகளில் சீட் அடிமட்டத்தில் இருக்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்று இறக்கிவிடுவார்கள். அப்போது பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்த மடக்கலிலேயே பெடலை மிதிப்பதால் முட்டிச்சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. 9 கி.மீ.க்கு ஒரு காலுக்கு ஆயிரம் மிதிக்கு மேல் வரும். வலிக்காமல் என்ன செய்யும்?

சீட்டைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். செருப்பு வேண்டாம், ஓட்டும்போது போடப்போகும் ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெடலைக் கீழே கொண்டுபோய் அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அதுதான் உங்கள் உயரம். பிறகு ஓட்டும்போது குதிகாலுக்குப் பதிலாகப் பாதத்தின் முன்பகுதியை, பெருவிரலுக்குப் பின்னால் மேடாக இருக்கும் இடத்தை, பெடலில் வைத்தால் முட்டி தானாகவே 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். ஒரேயடியாக ஏற்றாமல் ஒரு சென்டிமீட்டர் ஏற்றி இரண்டு நாள் ஓட்டுங்கள், பிறகு அடுத்த சென்டிமீட்டர். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் இன்னும் தாழ்ந்திருக்கிறது. முட்டிக்குப் பின்குழியில் இழுத்தால் ஏற்றியது அதிகம். சீட் பில்லரில் எல்லைக்கோடு இருந்தால் அதற்கு மேல் இழுக்காதீர்கள். கோடு இல்லாத பழைய பில்லர் என்றால் குறைந்தது மூன்று விரல்கடை ஃபிரேமுக்குள் இருக்கட்டும். இப்போது உட்கார்ந்தபடி தரையைத் தொட்டால் நுனிக்கால்தான் படும். முதல் இரண்டு நாள் பயமாக இருக்கும். நிற்கும்போது சீட்டை விட்டு இறங்கி, வண்டியைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து இடது காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள்.

கியர் இல்லாத வண்டி என்பதால் மேட்டில் நின்றுகொண்டு மிதிக்கத் தோன்றும். கிருஷ்ணகிரிச் சுற்றுவட்டாரம் சமதளமும் அல்ல. முதல் இரண்டு மாதம் மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை, தள்ளுவதும் நடைப்பயிற்சிதான்.

முட்டி விஷயத்தில் நம் இரண்டு மாவட்டங்களுக்கே உரிய ஒரு எச்சரிக்கை உண்டு. முட்டியோடு முதுகும் கழுத்தும் விறைப்பாக இருக்கிறதா, குனிந்து தரையைத் தொட முடியவில்லையா, சிறு வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கோடுகள் உண்டா, பல ஆண்டுகள் போர்வெல் தண்ணீர் மட்டும் குடித்தீர்களா? அப்படியென்றால் அது சாதாரணத் தேய்மானம் இல்லாமல் ஃபுளோரைடு பாதிப்பாக இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதால்தான். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தும், ருசி இல்லை என்று போர்வெல் தண்ணீரையே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த அறிகுறிகள் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு சைக்கிளைத் தொடுங்கள்.

அடுத்தது ஆண்மை. வீட்டில் சத்தமாகப் பேச முடியாததால்தான் இந்தப் பயம் இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவர்கள், நீச்சல் அடிப்பவர்கள், ஓட்டப்பயிற்சி செய்பவர்கள் என்று ஆண்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. அதில் 2,774 பேர் சைக்கிள் ஓட்டுபவர்கள். பாலியல் செயல்பாட்டில் அவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இல்லை. அதே ஆய்வில் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவது அவர்களுக்கு அதிகமாக இருந்தது. அந்த மரத்துப்போவதைத்தான் ஊரில் ஊதிப் பெருக்கிவிட்டார்கள். சீட்டின் மூக்குப் பகுதி மேல்நோக்கித் தூக்கியிருந்தால் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள நரம்பு அழுந்துகிறது. மூக்கைக் கிடைமட்டமாக வைத்து, ஒரு ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். வேண்டுமானால் இரண்டு மூன்று டிகிரி கீழே இறக்கலாம். எடை உட்காரும் எலும்புகளில் விழ வேண்டும். மெத்தென்ற பஞ்சு கவர் போடுவது சுகம் என்று நினைப்பார்கள். எலும்பு பஞ்சில் புதைந்ததும் நடுப்பகுதி மேலே எழும்பி அதே நரம்பைத் தான் அழுத்தும். பள்ளம், வேகத்தடை வந்தால் பெடலில் எழுந்து நில்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சும்மாவும் எழுந்து நில்லுங்கள். இறங்கிய பிறகும் மரமரப்பு நீடித்தால் சீட்டை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

உங்கள் வயதில் ஆண்மையைக் குறைப்பது எது என்று கேட்டால் என் பதில் சர்க்கரை. நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு விறைப்புக் குறைபாடு வருகிறது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்க உதவும் சைக்கிளைப் பார்த்து இந்தப் பயம் பயப்படுவதுதான் வேடிக்கை.

மகள் விஷயம் சுருக்கமாக. கன்னித்திரை என்பது மூடிக்கிடக்கும் திரை அல்ல. பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும் ஒரு மெல்லிய மடிப்பு. அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அப்படிச் செய்யும் சோதனைகளையே நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கேட்டுக்கொண்டது. கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, சைக்கிள் குலுக்கலால் அதற்கு ஒன்றும் ஆகாது. மாதவிடாய் நாட்களிலும் ஓட்டலாம். சிலருக்கு வயிற்றுவலி குறையக்கூடச் செய்யும். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர்களில் பலர் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

மகளின் சைக்கிளில் பார்க்க வேண்டியது வேறு. புது வண்டி ஓட ஆரம்பித்ததும் பிரேக் கேபிள் நீளும், ஸ்போக்ஸ் தளரும், நட்டுகள் விடும். இரண்டு வாரம் ஓட்டியபின் கடையில் விட்டு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கி, வீல் பெண்டு எடுத்து, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2, 3 மி.மீ. இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடியை முழுக்க அழுத்தினாலும் அது ஹேண்டில் கிரிப்பைத் தொடக்கூடாது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளட்டும். செயின் கார்டு கட்டாயம். புத்தகப் பையை ஹேண்டிலில் மாட்டினால் வண்டி திரும்பாது, பை ஆடி முன்சக்கரத்தில் மாட்டும். கேரியரில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். தோழிகளோடு மூன்று பேர் சேர்ந்து வரிசையாகப் பேசிக்கொண்டு ஓட்டுவதைப் பேருந்து போகும் சாலையில் மட்டுமாவது தவிர்க்கட்டும்.

இனி லாரி. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு லாரிக்குப் பயப்படாமல் இருக்க முடியாது. பெங்களூரு, சென்னை, சேலம் என்று மூன்று திசையிலிருந்தும் வரும் நெடுஞ்சாலைகள் கூடும் ஊர் இது. தொப்பூர் கணவாயில் லாரிகள் ஒன்றின்மேல் ஒன்று மோதிக் கிடக்கும் படத்தைச் செய்தியில் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் நடுங்குகிறார்கள். ஆனால் உங்கள் வழியில் கணவாய் இல்லை. டூவீலர் பாதுகாப்பு என்ற எண்ணமும் சரியல்ல. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5% பேர் மோட்டார் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இதை வைத்து சைக்கிள் பாதுகாப்பானது என்று வாதாட மாட்டேன், ஏனென்றால் ஓட்டுபவர்களின் எண்ணிக்கையே வேறு. டூவீலரில் போய்வந்ததால் இத்தனை நாள் ஆபத்தில்லாமல் இருந்தீர்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 15 கி.மீ. வேகத்தில் விழுவதற்கும் 60 கி.மீ. வேகத்தில் விழுவதற்கும் உடம்பு தாங்க வேண்டிய ஆற்றலில் பதினாறு மடங்கு வித்தியாசம்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது வழியை மாற்றுவது. நேர்வழியில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குறுக்கிடும் என்று நினைக்கிறேன். அதன் பிரதான சாலையில் சைக்கிளை ஏற்றாதீர்கள். கிருஷ்ணகிரி அணையின் இடது, வலது கால்வாய்ப் பாசன ஊர்களுக்கு இடையில் போகும் சாலைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை டூவீலரில் சுற்றிப் பாருங்கள். இரண்டு கி.மீ. கூடினாலும் அந்த வழியே உங்கள் வழி. நெடுஞ்சாலையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் பாலத்துக்கு அடியில் கடந்து போங்கள். நடுத்தடுப்பில் யாரோ உடைத்து வைத்த சந்து வழியாக வேண்டவே வேண்டாம்.

சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் ஓட்டுவதற்கு நம்மவர்கள் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள்: "எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும், பின்னால் வருவது தெரியாது." கணக்கைப் பாருங்கள். நீங்கள் 15, லாரி 60. ஒரே திசையில் போனால் லாரி உங்களை நெருங்கும் வேகம் 45. எதிரே போனால் 75. குறுக்குச் சந்திலிருந்து வெளியே வருகிறவரோ வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். இடப்பக்கமிருந்து சைக்கிள் வரும் என்று அவர் கனவிலும் நினைக்கமாட்டார். நடப்பவருக்குச் சொன்ன விதியை சைக்கிளுக்குப் போட்டதால் வந்த குழப்பம் இது. நடப்பவர் சட்டென்று ஓரம் ஒதுங்குவார், சைக்கிள் ஒதுங்காது.

இடது ஓரத்திலும் ரொம்ப ஓரமாகப் போகாதீர்கள். ஓரத்தில் மணல், ஜல்லி, தார் உடைந்த விளிம்பு இருக்கும். விளிம்பிலிருந்து இறங்கிய டயரை மறுபடி ஏற்றும்போதுதான் வண்டி சறுக்கி ஆள் சாலைக்குள் விழுகிறார். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நேர்கோட்டில் ஓட்டுங்கள். நின்றிருக்கும் காரை ஒட்டிப் போகாதீர்கள், கதவு திறந்தால் எட்டாத அளவுக்கு, ஒரு மீட்டர், விலகிப் போங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. சிக்னலிலோ திருப்பத்திலோ லாரி, பேருந்து நிற்கும்போது அதன் இடப்பக்கச் சந்தில் நுழையாதீர்கள். ஓட்டுநர் உயரத்தில், வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் அவர் கண்ணாடியில் விழாது. வண்டி இடதுபுறம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டி வரும். கிரானைட் கல் ஏற்றிய டிரெய்லர் என்றால் அந்த வெட்டு இன்னும் பெரிசு. நீங்கள் நின்றிருந்த இடம் சக்கரத்தின் அடியில் போய்விடும். லாரிக்குப் பின்னால், அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியும் தூரத்தில் நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள்.

பிரேக்கைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது தவறு. முன் பிரேக் போட்டால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் ஊரே பின் பிரேக்கை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறது. வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகி வழுக்குகிறது. 18 கி.மீ. வேகத்தில் காய்ந்த தார்ச்சாலையில் பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்க ஏறத்தாழ 5 மீட்டர் ஆகும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அதில் பாதி. உங்கள் மூளைக்கு விஷயம் எட்டிக் கை பிரேக்கை அழுத்தும் ஒரு நொடியில் போகும் 5 மீட்டர் இதில் சேரவில்லை. குப்புற விழுவது முன் பிரேக்கைத் திடீரென்று, கையை மடக்கியபடி, உடம்பை முன்னால் விட்டுக்கொண்டு பிடித்தால்தான். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, மெல்ல ஆரம்பித்து இறுக்குங்கள். இடுப்பைச் சீட்டில் பின்னால் தள்ளுங்கள், கை நேராக இருக்கட்டும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இருபது முறை பழகுங்கள். பழைய வண்டிகளில் ரிம் இரும்பு. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். நிற்கும் தூரம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். மழை என்றால் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிரேக்கை உரசவிட்டுத் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். கட்டையில் பள்ளக்கோடுகள் மறைந்துவிட்டால் மாற்றும் நேரம். முன் பிரேக் மாட்டும்வரை வண்டி வாசலிலேயே நிற்கட்டும்.

ஹெல்மெட் சட்டப்படி சைக்கிளுக்குக் கட்டாயமில்லை. என் கருத்து, போடுங்கள். நாற்பது ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, விபத்தில் சிக்கியவர்களில் ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உயிர்போகும் தலைக்காயம் 65% குறைந்தது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல்கடைக்குள் விளிம்பு இருக்க வேண்டும், வார் காதுக்குக் கீழே கூட வேண்டும், தாடைக்கும் வாருக்கும் இடையில் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். டூவீலர் ஹெல்மெட் வேண்டாம். கனமும் சூடும் தாங்காமல் மூன்றாம் நாள் கழற்றிவிடுவீர்கள். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், தூக்கிப்போடுங்கள். ஹெல்மெட் போட்டுவிட்டோமே என்று லாரிச் சந்தில் நுழைய வேண்டாம். சக்கரத்துக்கு அது பொருட்டே இல்லை.

மாலை ஆறரைக்குக் கிளம்புகிறீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை அது இருட்டு. 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் நகரும். உங்களைப் பார்த்து ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் போய்விட்டது, வண்டி இன்னும் வேகம் குறையவே ஆரம்பிக்கவில்லை. டைனமோ விளக்கு நீங்கள் நின்றதும் அணைந்துவிடும், நடுச்சாலையில் திரும்பக் காத்திருக்கும்போதுதான் அது வேண்டும். அதனால் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கைப் பின் மட்கார்டில் மாட்டுங்கள், முன்னால் வெள்ளை விளக்கு. பெடலின் இரண்டு பக்கமும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்கட்டும். அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததும் போவது ஆள் என்று தூரத்திலிருந்தே ஓட்டுநருக்குப் புரியும். வெள்ளைச் சட்டை போதும் என்பது அந்திக்குச் சரி, இருட்டுக்குப் போதாது. ஒளிபட்டு மின்னும் பட்டை வேண்டும்.

புகையைப் பற்றி ஒரே பத்தி. காற்றில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற மோசமான நிலையில்கூட, ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டும்வரை கிடைக்கும் நன்மையே அதிகம் என்று 2016-ல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் போக வர ஓட்டுவது அவ்வளவுதான் வரும். லாரிச் சாலையிலிருந்து விலகினாலே புகை வெகுவாகக் குறையும். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. ஆஸ்துமா இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு, கிளம்பும் முன் இன்ஹேலர் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது எனக்கு நிஜமாகவே கவலை தரும் கிளிமிபிரைடு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு உடற்பயிற்சியில் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். மிதிக்கும் தசையும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வந்தால் வியர்வையைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள். சைக்கிளில் எப்படியும் வியர்க்கும், அதனால் ஏமாந்துவிடுவீர்கள். கை நடுங்கி ஹேண்டில் ஆடுவது, பார்வை மங்குவது, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், பழகிய வழியில் குழப்பம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஏதாவது ஒன்று தெரிந்தால் உடனே இறங்குங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். அதைச் சின்னப் பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும், பையில் அல்ல. பதினைந்து நிமிடம் உட்காருங்கள். சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. சரியான பிறகும் இரண்டு பிஸ்கட்டோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் கிளம்பக்கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புவது நல்லது. முதல் இரண்டு வாரம் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான். 300-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று பஸ். பயிற்சியின் விளைவு 24 மணி நேரம்வரை நீடிக்கும் என்பதால் இரவில் வியர்த்து விழித்தாலும் சர்க்கரையைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தலாமா என்றீர்கள். நீங்களாக நிறுத்தக்கூடாது. குறித்து வைத்த அளவுகளோடு ஒரு மாதத்தில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டியிருந்தால் அவர் குறைப்பார்.

தொடங்கும் முன் ஒரு ஈசிஜி, விழித்திரைப் பரிசோதனை, பாத உணர்வுப் பரிசோதனை மூன்றும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும். மிதிக்கும்போது வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு, தாடையிலோ இடது கையிலோ இறுக்கம், மயக்கம் என்று எதுவானாலும் இறங்கி 108-ஐ அழையுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். பெடலில் வழுக்கும், விரலில் அடிபட்டால் உங்களுக்கு ஆற நாளாகும்.

முதல் வாரம் சைக்கிளில் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். காலையில் பதினைந்து நிமிடம் ஊருக்குள், நான்கு நாள். இரண்டாம் வாரம் இருபத்தைந்து நிமிடம். மூன்றாம் வாரத்தில் ஒரு விடுமுறை நாளில் முழு வழியையும் ஓட்டிப் பாருங்கள். 12, 13 கி.மீ. வேகத்தில் முக்கால் மணி நேரம் ஆகும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். நான்காம் வாரம் முதல் வாரத்துக்கு இரண்டு நாள் அலுவலகம். அதுவே 180 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடத்தை அதிலேயே தாண்டிவிடுகிறீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

இதனால் என்ன கிடைக்கும் என்பதிலும் ஊதிப்பேச வேண்டாம். பிரிட்டனில் 2,63,450 பேரைப் பின்தொடர்ந்து 2017-ல் வந்த ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 41% குறைவாக இருந்தது. ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள்தான் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் அது முழுவதும் சைக்கிளின் புண்ணியம் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய சாலையும் வேறு. ஆனால் இன்சுலினைத் தசை நன்றாகப் பயன்படுத்துவது, ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்குவது இரண்டையும் இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் பரிசோதனைச் சீட்டிலேயே பார்க்கலாம். தொப்பை மட்டும் தனியாகக் கரையாது. முக்கால் மணி நேர மிதியில் செலவாகும் கலோரியை அலுவலக வாசலில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் திருப்பிக் கொடுத்துவிடும். சைக்கிள் எலும்பை வலுவாக்கும் என்பதும் தவறு. எடை சீட்டில் போவதால் எலும்புக்கு வேலை குறைவு. அதற்கு வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பத்துப் பத்தாக மூன்று முறை, தனியாகச் செய்ய வேண்டும்.

கடைசியாக மகன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கால் கேரியரிலிருந்து தொங்கினால் குதிகால் சரியாகப் பின்சக்கர ஸ்போக்ஸ் உயரத்தில் இருக்கும். தூக்கக் கலக்கத்திலோ வேடிக்கை பார்க்கும்போதோ கால் ஒரு கணம் உள்ளே சாய்ந்தால் போதும். சுழலும் கம்பி பாதத்தை இழுத்து ஃபிரேம் கம்பியோடு நசுக்கும். குதிகாலின் தோல் மடலாக உரியும். முதலில் சாதாரணச் சிராய்ப்பு மாதிரி தெரிந்து, இரண்டு மூன்று நாளில் அந்தத் தோல் கறுத்துச் சாகும். சில நேரம் எலும்பும் முறிந்திருக்கும். அப்படி ஆகிவிட்டால் சக்கரத்தைப் பின்னால் சுற்றிக் காலை இழுக்காதீர்கள், ஸ்போக்ஸை வெட்டி எடுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

வெல்டிங் கடையில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் மேல்பாதியை மூடும்படி தகடோ நெருக்கமான வலையோ அடித்து, கால் வைக்க மடக்குக் கம்பி, முதுகு சாய ஒரு வளைவு, இடுப்புக்கு ஒரு வார் எல்லாம் வைக்கச் சொல்லுங்கள். வலையின் கண்ணில் அவன் சுண்டுவிரல் நுழையக்கூடாது. காலில் ஷூ இருக்க வேண்டும், அவனுக்கும் தலை அளவுக்கு ஒரு ஹெல்மெட். அதெல்லாம் ஆகும்வரை அவனை நடத்தியே கூட்டிப்போங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நீங்களும் கூட நடங்கள்.